டாப்பர் சிரிக்கக் கூடாது

மே 9

காலையில் பிளஸ் டூ முடிவு வந்தது. தமிழில் 88. இங்கிலீஷில் 79. கம்ப்யூட்டர் சயின்ஸில் நானே எதிர்பார்க்காத அளவுக்கு வந்திருக்கிறது. மற்றதையெல்லாம் எழுதி இடத்தை வீணடிக்க விரும்பவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது.

முக்கியமான செய்தி சாயந்திரம் வந்தது. ‘மணி அடிச்சாச்சு’ என்று ஒரு புது டிவி தொடர் எடுக்கிறார்கள். பள்ளிக்கூடக் கதை, வாரத்துக்கு ஒரு பாட்டு, நடிப்பவர்களே பாட வேண்டும். ஏப்ரலில் குரோம்பேட்டையில் ஆள் தேர்வு வைத்தார்கள், நானும் போய்ப் பாடிவிட்டு வந்தேன். என்னை எடுத்துக்கொண்டார்களாம்! என்ன வேடம் என்று நேரில் வந்தால் சொல்வார்களாம்.

அம்மா ரேஷன் கடையில் பில் போடுபவள். வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவாள். “நடிக்கப் போறதுன்னா போ. ஆனா ஜூன்ல அந்தப் பரீட்சைய எழுதி பாஸ் பண்ற. இல்ல, ஷூட்டிங்கும் கிடையாது, காலேஜும் கிடையாது. என் பக்கத்துல வந்து உக்காந்து மூட்டைய எண்ணு.”

எந்தப் பரீட்சை என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அது போதும்.

மே 10

கணக்கு 28. எழுதிவிட்டேன். திருப்திதானே?

மே 14

முதல் நாள் படப்பிடிப்பு. வண்டலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை விடுமுறையில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். இயக்குநர் பெயர் இளம்பரிதி. நல்ல மனிதர், ஆனால் தலையில் தொப்பி இல்லாமல் யோசிக்கவே மாட்டார் போலிருக்கிறது. உடை மாற்றும் அறையின் சுவரில் பெரிய சார்ட் ஒட்டியிருந்தார். அதில் எங்கள் எல்லோருடைய போட்டோவும், போட்டோவுக்குக் கீழே நாங்கள் யார் என்றும் இருந்தது.

பணக்காரத் திமிர்: புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருப்பாள். கடைசி பெஞ்ச் ரவுடி: சட்டை வெளியே, புருவத்தில் வெட்டு, படிப்பு ஏறாது. குண்டு நண்பன்: எப்போதும் வாயில் ஏதாவது இருக்கும். கதாநாயகன்: தலைமுடி பறக்கும். என் போட்டோவின் கீழே இப்படி இருந்தது. “வகுப்பில் முதல் மாணவி. கண்ணாடி, ரெட்டை ஜடை, எண்ணெய் வழியும் முகம். சிரிக்க மாட்டாள்.”

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாத்தீங்களா, இதத்தான் செய்யக் கூடாது” என்றார் இளம்பரிதி சார்.

நான் எப்படி டாப்பர் ஆனேன் என்று ஆள் தேர்வு செய்த அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். “உன் மூஞ்சிலயே படிப்பு எழுதியிருக்குடா செல்லம்” என்றார். என் கண்ணாடி எட்டாம் வகுப்பில் வந்தது. காரணம் செல்போன். அவரிடம் ஏன் அதையெல்லாம் சொல்ல வேண்டும்?

மே 16

குண்டு நண்பனாக நடிக்கும் பையனுக்குச் சமோசா என்றாலே ஆகாது. இன்று டேக் மேல் டேக். பாவம், கடைசியில் சமோசாவைப் பார்த்து உண்மையாகவே அழுதான். இளம்பரிதி சார் “பிரமாதம்” என்று கைதட்டினார்.

மே 18

கண்ணாடி போட்டு ரெட்டை ஜடை பின்னிவிட்டால் போதும், யூனிட்டே நம்பிவிடுகிறது. வேனில் எனக்கு ஜன்னல் சீட்டு. “டாப்பர் பாப்பா படிக்கணும், சத்தம் போடாதீங்க” என்கிறார் மேனேஜர். அவர் மகள் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். அரை மணி நேரம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டதைப் பார்த்தால், நான் சொன்னது நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இன்று ஒரு கண்டம். பணக்காரத் திமிராக நடிப்பவள் ஷைனி. பல்லாவரத்துப் பெண், வரும் மார்ச்சில்தான் பிளஸ் டூ எழுதப் போகிறாள். கேமரா முன்னால் புருவத்தைத் தூக்கினால் எனக்கே பயமாக இருக்கிறது. கட் சொன்னதும் டிபன் பாக்ஸைத் திறந்து “மீன் குழம்பு, எடுத்துக்கடி” என்று நீட்டுகிறாள். அப்படி நீட்டிவிட்டு, “இந்த சைன் ஏ ப்ளஸ் பி எப்படிடி வருது? எங்க மிஸ் சொன்னது ஒண்ணுமே புரியல” என்றாள்.

மீன் முள் தொண்டையில் சிக்கியது போல ஆகிவிட்டது. “நாளைக்குச் சொல்றேன். இப்ப பேசினா மேக்கப் கலைஞ்சிடும்” என்றேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்தேன். அம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். இது படிப்பு இல்லை, தற்காப்பு.

மே 19

சாப்பாட்டு இடைவேளையில் ஷைனிக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எந்த இடத்தில் புரியாமல் போனதோ அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது! அதைவிட ஆச்சரியம், எனக்கும் புரிந்துவிட்டது.

பக்கத்தில் தயாளன் அண்ணாவும் உட்கார்ந்திருந்தார். இவர்தான் கடைசி பெஞ்ச் ரவுடி. பிளஸ் டூ மாணவனாக நடிக்கும் இவருக்கு இருபத்து நான்கு வயது, காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை ஷேவ் செய்கிறார். பெரம்பூர்க்காரர். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டதாம். பூனை குறுக்கே வந்தால்கூட “நீ போம்மா” என்று வழிவிட்டு நிற்கிற ஆள். “நானும் கேக்கலாமா பாப்பா? சும்மாதான் குந்தினு இருக்கேன்” என்றார். கேளுங்கள் என்றேன். டாப்பர் என்றால் பெருந்தன்மை வேண்டாமா?

கதாநாயகன் ஆதவை மட்டும் சார்ட்டில் எழுதியிருப்பது போலவே கடவுள் படைத்திருக்கிறார். தலைமுடிக்குத் தனி ஃபேன்.

மே 21

ஷைனி: “இன்டக்ரேஷன்?” நான்: “நாளைக்குச் சொல்றேன்.”

மே 23

என் பாட்டு வந்துவிட்டது! டாப்பர் பாட்டு. முந்தாநாள் ஸ்டூடியோவில் பாடி முடித்தேன், எழுத நேரமில்லை. இசையமைப்பாளர் முதலில் மெட்டை மட்டும் போட்டு அனுப்பினாராம், கவிஞர் நெய்தல்மணி அதற்குள் வார்த்தைகளை உட்கார வைத்திருக்கிறார். வகுப்பில் எல்லோரும் தூங்கும்போது நான் மேசை மேல் ஏறிப் பாட வேண்டும்.

“காஸ் ஏ ப்ளஸ் பி வந்தா கண்ண மூடாதே
காஸ் காஸ் ப்ளஸ் சைன் சைன் போடு, கை நடுங்காதே”

‘ப்ளஸ்’ வரும் இடத்தில் நாற்பது பேரும் கைகளைக் குறுக்கே வைத்துக் கூட்டல் குறி காட்ட வேண்டும். டான்ஸ் புஷ்பா மாஸ்டர் அந்த ஒரு அசைவுக்காக எங்களை நார் நாராகக் கிழித்துவிட்டார். வீட்டில் அப்பாகூட இதைப் பாடிக்கொண்டே சவரம் செய்கிறார்.

மே 25

ஷைனி கேட்டாள், “பாட்டுல வர்ற ஃபார்முலா எப்படிடி வந்துச்சு?” வழக்கம் போல நாளைக்கு என்றேன்.

சாயந்திரம் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. திரும்பத் திரும்பப் போட்டாலும் நடுவில் மைனஸ்தான் வருகிறது. பாட்டில் ப்ளஸ். நான் போட்டால் தப்பாகத்தான் இருக்கும் என்று அழித்து அழித்துப் போட்டேன். கவிஞருக்கு வயது அறுபது, விருதெல்லாம் வாங்கியவர்.

பிறகுதான் புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தோன்றியது. மைனஸ். கொட்டை எழுத்தில், கட்டம் கட்டி, மைனஸ்.

பாட்டு தப்பு. நான் சரி. இதைப் போய் யாரிடம் சொல்வேன்? சொன்னால் முதல் கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

மே 26

இரண்டு பேருக்கும் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். “காஸ் ஒரு கோவக்காரன். நீ உள்ள ப்ளஸ் குடுத்தா அவன் வெளிய மைனஸ்தான் தருவான்” என்றேன். தயாளன் அண்ணாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. “எங்க ஏரியாவுல இப்படி ஒர்த்தன் கீறான் பாப்பா” என்றார்.

“அப்ப பாட்டுல?” என்றாள் ஷைனி.

“பாட்டு வேற, பரீட்சை வேற. விடுடி” என்றேன். வெளியே சொல்ல வேண்டாம் என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

மே 30

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுதியாக வேண்டும்.

பாட்டுப் படப்பிடிப்பு. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, அதனால் இன்றே முடிக்க வேண்டும். நாற்பது பேர் நடனத்துக்கு, வகுப்பறைக்குள் ஒரு கிரேன், வெளியே ஜெனரேட்டர். இளம்பரிதி சார் காலையிலிருந்து தொப்பியைக் கழற்றவே இல்லை. நான் மேசை மேல் ஏறி நின்றேன். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. வாயை அசைத்தேன். “காஸ் காஸ் ப்ளஸ்” என்று வந்ததும் எல்லோரும் கைகளைக் குறுக்கே வைத்தார்கள். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

“ஏய்! மைனஸ்!”

பாட்டு நின்றது. இளம்பரிதி சார் மைக்கைப் பிடுங்கி, “யார்ரா அது?” என்றார்.

தயாளன் அண்ணா எழுந்து நின்றார். புருவத்தில் வரைந்த வெட்டு வியர்வையில் கரைந்து ஓடியது. “சாரி சார். வாய் தவறி வந்துட்சு.”

“வாய் தவறியா? உனக்கு என்னடா தெரியும்? நீ ரவுடிடா! ரவுடிக்கு எதுக்கு ஃபார்முலா?”

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என் பெயரைச் சொல்லவில்லை. “இருக்கிற அவசரத்துல இவன் வேற. நீ கெளம்புடா, வேற ஆள உக்கார வெச்சுக்கறேன்” என்றார் இளம்பரிதி சார். தயாளன் அண்ணா பெஞ்சுக்கு அடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டார்.

மேசை மேலிருந்தே, “சார், அவர் சொன்னது சரி” என்றேன்.

இளம்பரிதி சாரின் முகம் மாறிவிட்டது. “டாப்பரே சொல்லுதா?” என்று உடனே கவிஞருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கவிஞர் பதற்றப்படவே இல்லை. “தெரிஞ்சுதான் போட்டேன் தம்பி. மெட்டுல அந்த எடத்துல ஒரு தட்டுதான் இருக்கு. ப்ளஸ் ஒரு தட்டு. மைனஸ் ரெண்டு தட்டு. உட்காராது. கணக்கு வாத்தியாரெல்லாம் பாட்டா கேக்கப் போறாங்க?”

“பசங்க கேப்பாங்க சார். இதப் பாடியேதான் மனப்பாடம் பண்ணுவாங்க. நானும் இதே பாட்ட நம்பி, சரியா வந்தத தப்புன்னு அழிச்சு அழிச்சுப் போட்டேன்” என்றேன்.

“யாரது?”

“எங்க டாப்பர் பொண்ணு சார்.”

“அப்படியா? பிளஸ் டூல கணக்கு எவ்வளவும்மா? சென்டமா?”

மொத்த யூனிட்டும் என்னைப் பார்த்தது. தொண்ணூற்றெட்டு என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தர்கூடச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள், கண்ணாடியும் ஜடையும் சாட்சி சொல்லியிருக்கும். வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. கதவருகே தயாளன் அண்ணா பையோடு நின்றிருந்தார்.

“இருபத்தெட்டு சார். ஃபெயில்.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

“ஆனா அது மைனஸ்தான்” என்றேன்.

“பாப்பா, நீயே ஃபெயில்னு சொல்ற…” என்று இளம்பரிதி சார் இழுத்தார்.

“சார், நாப்பத்தஞ்சும் நாப்பத்தஞ்சும் சேர்ந்தா தொண்ணூறு. காஸ் தொண்ணூறு பூஜ்யம். சரியா? இப்ப ஃபார்முலாவுல போடுங்க. காஸ் நாப்பத்தஞ்ச அதாலயே பெருக்கினா அரை. சைனும் அதே அரை. அரையில அரைய கழிச்சாதான் சார் பூஜ்யம் வரும். பாட்டுல இருக்கற மாதிரி கூட்டினா ஒண்ணு வந்துடும்.”

இது எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மேசை மேல் நிற்கும்போது தானாகத் தோன்றியது. புஷ்பா மாஸ்டர் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, “பொண்ணு சொல்றது கரெக்ட்டு சார்” என்றார். கவிஞர் போனிலேயே மெட்டை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு, “என்ன செய்யச் சொல்றீங்க? இன்னிக்கு ஸ்டூடியோவும் கெடைக்காது” என்றார்.

இளம்பரிதி சார் தொப்பியைக் கழற்றினார். வகுப்பறையை ஒரு சுற்று வந்தார். “தயா, பைய கீழ வை. பாட்டு அப்படியே இருக்கட்டும். டாப்பர் தப்பா பாடறா. நீ கடைசி பெஞ்ச்லருந்து கத்தற. பாட்டு நிக்குது. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.”

அப்படியே எடுத்தோம். தயாளன் அண்ணா இம்முறை கூரை அதிரக் கத்தினார். வகுப்பே திரும்பி அவரைப் பார்த்தது, அவர் முகத்தில் பயத்தைத் தேடினால்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை. கட் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

மின்சார ரயிலில் ஷைனியும் நானும் வந்தோம். தாம்பரம் நெருங்கும்போது அவளாகச் சொன்னாள், “நீ ஃபெயில்னு எனக்கு எப்பவோ தெரியும்டி.”

“எப்படி?”

“எந்த டாப்பர்டி சந்தேகம் கேட்டா நாளைக்கு வான்னு சொல்லுவா?”

“அப்புறம் ஏண்டி என்கிட்டயே கேட்ட?”

“தெரிஞ்சவங்க சொன்னா எனக்குப் புரியறதில்ல. நீ தடுக்கி விழுந்த எடத்தையெல்லாம் காட்டிக் காட்டிச் சொன்ன. அதான் புரிஞ்சுது.”

அழுதுவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எனக்கு வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தார்.

ஜூன் 3

ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களிடம் அம்மா இத்தனை நாளாக “பொண்ணு ரிசல்ட்டு இன்னும் வரல” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு இன்றுதான் தெரியும். வண்டலூரில் நடந்ததை நேற்று அவளிடம் சொன்னேன். இன்று அரிசி வாங்கப் போனபோது பின்வீட்டு அக்கா வழக்கம் போலக் கேட்டார். அம்மா பில் போட்டபடியே, வரிசைக்கே கேட்கும்படி, “கணக்குல போயிடுச்சு. ஜூன்ல எழுதறா. அடுத்தது யாரு?” என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. ஆனால் பை கனமாகவே தெரியவில்லை.

ஜூன் 14

படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷைனி எங்கள் வீட்டுக்கு வருகிறாள். தயாளன் அண்ணாவும் வருகிறார். தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுத முடியுமா என்று விசாரிக்கிறாராம். அம்மா அவருக்குப் பெரிய டம்ளர் நிறைய டீ கொடுக்கிறாள். புருவத்தில் வெட்டு இல்லாமல் பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் போலவே இருக்கிறார்.

ஜூன் 27

நாளை கணக்கு. பயமாக இருக்கிறது. பொய் எழுத மனமில்லை, ரொம்பவே பயமாக இருக்கிறது.

ஜூன் 28

எழுதிவிட்டேன். கடைசி மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். மார்ச்சில் நான் அப்படி உட்காரவில்லை. மேற்கொண்டு கேட்காதே.

ஜூலை 12

தொடர் ஒளிபரப்பாகிறது. டாப்பர் பாட்டு நேற்று வந்தது. தெருவில் பையன்கள் என்னைப் பார்த்தாலே “ஏய், மைனஸ்!” என்று கத்துகிறார்கள். ஓடிப்போய் அடிக்கலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு, சரியாகத்தானே கத்துகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 25

64!

ரேஷன் கடைக்கு ஓடினேன். அம்மா பாமாயில் பாக்கெட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வரிசையில் யாரோ “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்கள். “கண்ணுல தூசி, சும்மா இருங்க” என்று எரிந்து விழுந்தாள். கடையில் தூசி இருக்கத்தான் இருக்கிறது.

மதியம் இளம்பரிதி சார் போன் செய்தார். “மஞ்சரி, ரெண்டாவது சீசன் உறுதியாயிடுச்சும்மா. சார்ட்டெல்லாம் ரெடி. உனக்குப் புது கேரக்டர். பரீட்சையில ஃபெயிலான பொண்ணு. உன்ன விட்டா யாரு இருக்கா?”

“சார், நான் இன்னிக்குப் பாஸாயிட்டேன்.”

“அடடா” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, “பரவால்ல, நடிச்சுக்கலாம். இவ எப்பவும் அழுதுகிட்டே இருப்பா. ரூம்ல லைட்டு போட மாட்டா. சாப்பிட மாட்டா. மொட்டை மாடியில மழையில ஒரு சோகப் பாட்டு…”

“சார், ஒரு நிமிஷம். ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் ஆறு இட்லி சாப்பிட்டேன்.”

“ஆறா?”

“பசிச்சுது சார். நாலாவது இட்லியில அழுகை வந்துச்சு. ஆனா அன்னிக்குன்னு பாத்து சட்னி ரொம்ப நல்லா இருந்துச்சு. அழுதுகிட்டே இன்னும் ரெண்டு வாங்கிக்கிட்டேன். எங்கம்மா திட்டிக்கிட்டே வெச்சாங்க. எங்கப்பா, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு டிவிய சத்தமா வெச்சுட்டு, உள்ள போயி அழுதாரு. டிவியில ஓடினது சமையல் போட்டி சார். அவங்க கேக் செய்யறத நான் முழுசாப் பாத்தேன். அது உப்பி வந்ததும் கைகூடத் தட்டினேன். ஃபெயிலாயிட்டு கை தட்டறோமேன்னு அப்புறம் அசிங்கமா இருந்துச்சு. ஃபெயிலானா அப்படித்தான் சார் இருக்கும். இருட்டுல உக்காந்திருக்கறது ஒரு பத்து நிமிஷம்தான்.”

இவ்வளவு பேசியிருக்கக் கூடாது. கோபித்துக்கொண்டார், வேடம் போயிற்று என்று நினைத்தேன்.

“அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?” என்றார்.

“நெறைய இருக்கு சார்.”

“கொஞ்சம் இரும்மா. பேனா எடுத்துக்கறேன்.”